டச்சுப் பாட்டிக்கு மேக்கப்

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னதும் பத்மா அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கத்துக்கிட்டு யார் மூஞ்சில பூசப் போற?"

கேள்வியில் நியாயம் உண்டு. மூஞ்சியில் பூசுவதுதான் என் தொழில். மலேசியாவில், கிள்ளானில், எங்களுக்கு ஒரு கல்யாணக் கடை இருக்கிறது. கீழே அண்ணி பட்டுப் புடவை விற்கிறார். மாடியில் நான் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறேன். பத்மா அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணனும் அவரும் சேர்ந்து தொடங்கிய கடை அது. அண்ணன் போன பிறகு சரக்கு, கணக்கு, வாடிக்கையாளரோடு சண்டை எல்லாமே அண்ணி தலையில். வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் சென்னைக்கு வந்து தி.நகரில் புடவை எடுத்துப் போவோம்.

இந்த முறை கிளம்புவதற்கு முன் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். மயிலாப்பூரில் ஒரு மாடி அறை. பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றை எதிரில் வைத்து, அதைப் பார்த்து அப்படியே வரையச் சொல்லி, அந்த வழியாக முகம் வரையக் கற்றுக்கொடுக்கிறார்கள். முன் அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தது. எனக்கோ பாதி வாழ்நாள் அனுபவம். எத்தனை கன்னம், எத்தனை மூக்கு. இதில் என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துப் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"காலையில நீ உன் வகுப்புக்குப் போ. மத்தியானத்துக்கு மேல தி.நகருக்கு வந்து எனக்குத் துணையா நில்லு," என்றார் அண்ணி. பேச்சு முடிந்தது.

அடையாற்றில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் தங்கினோம். முதல் நாள் காலை ஆட்டோவில் ஏறி, மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் காடியை நிறுத்துங்கள் என்றேன். எங்கள் ஊரில் காரோ வேனோ, நான்கு சக்கரத்தில் ஓடும் எதுவும் காடிதான். மூன்று சக்கரத்துக்கும் அதுவே பொருந்தும் என்று நினைத்தது என் தப்பு. டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, நீங்க இந்திக்காரங்களா? தமிழ் சூப்பரா பேசிக்கினு வர்றீங்க."

மலேசியா என்றேன்.

"அங்க இந்திதான் பேசறாங்களா?"

இல்லை, மலாய், சீனம், தமிழ் என்று விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க கத்துக்கினீங்க தமிழ், அவ்ளோ நல்லா கீது," என்றார். அதற்கு மேல் நானும் விட்டுவிட்டேன். பாராட்டு பாராட்டுதானே.

மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தகரத் தடுப்பு. நேற்று இருந்த வழி இன்று இல்லை. டிரைவர் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, சொந்த வீட்டுச் சமையலறையைக் காணாதவர் போலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு வந்த வழியே திரும்பி, ஒரு பூக்கடைக்கும் இன்னொரு பூக்கடைக்கும் நடுவில் ஆட்டோவைச் செருகி, வகுப்பின் வாசலிலேயே இறக்கிவிட்டார். எப்படி வந்தோம் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

ஜெசிந்தா மிஸ்ஸுக்கு முப்பது வயதுதான் இருக்கும். சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். அம்மா டீச்சர், அத்தை டீச்சர், இவரும் பள்ளியில் டிராயிங் டீச்சர். விடுமுறையில் இந்த வகுப்பு. எனக்கு மகள் வயதுதான், ஆனால் முதல் பார்வையிலேயே என் நகத்தில் இருந்த பாலிஷைக் கவனித்துவிட்டு, "ஆன்ட்டி, டர்பென்டைன்ல கை வச்சா இது போயிடும், பரவாயில்லையா?" என்று கேட்டபோது என் வாயில் தானாகவே "மிஸ்" வந்துவிட்டது.

என் பக்கத்து இடத்தில் ஒரு மாமா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வடக்கு மாடவீதிப் பக்கம் வீடு. நடந்தே வந்திருந்தார். மரியாதைக்கு, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் சாப்பிட்டாயா என்பதற்கு அதுதான் வார்த்தை.

மாமா யோசித்தார். "ஆறலையே. ஆத்துல இன்னும் டிபனே ஆகலை. மாவு பொங்கலைன்னுட்டா."

கொஞ்ச நேரம் கழித்து, "வாங்க மாமா, கீழ போய் தண்ணி குடிச்சிட்டு வருவோம்," என்றேன். கிள்ளானில் தண்ணி என்றால் டீ, காபி, மைலோ, எதுவாகவும் இருக்கலாம். மாமா முகம் சுருங்கியது. "நேக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது," என்றார். காபியைச் சொன்னேன் என்று புரியவைத்த பிறகுதான் மறுபடி சிரித்தார். மறுநாளிலிருந்து பிளாஸ்கில் அவரே காபி கொண்டுவந்துவிட்டார். பாதுகாப்பு நடவடிக்கை என்று நினைக்கிறேன்.

மிஸ் ஆளுக்கு ஒரு தாங்கி கொடுத்து, "கேன்வாஸை ஈசல்ல மாட்டுங்க," என்றார். மாமா என் பக்கம் குனிந்து, "மழைக்கு வர்ற ஈசல்தான் நேக்குத் தெரியும்," என்றார். பிறகு எங்கள் முன்னால் அந்தப் படத்தை வைத்தார்கள்.

ஒரு வயதான டச்சுப் பெண்மணி. கறுப்பு உடை, கழுத்தைச் சுற்றி வெள்ளைக் காலர், தலையில் வெள்ளைத் துணி. சில நூறு வருடத்துக்கு முன் வரைந்தது. வரைந்தவர் பெயரை மிஸ் இரண்டு தடவை சொன்னார், என் நாக்கில் அது நிற்கவில்லை. பாட்டியின் பெயர் யாருக்குமே தெரியாதாம். கன்னம் தொங்கியிருந்தது. உதடு உள்ளே போயிருந்தது. கண்ணின் கீழ் இமை சிவந்து, லேசாக ஈரமாக இருந்தது. என் தொழில் புத்தி உடனே வேலை செய்தது. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கன்சீலர், கன்னத்தில் ஒரு தீற்று, உதட்டுக்கு லைனர், பத்து வயதைக் குறைத்துவிடலாம்.

மிஸ் வந்து பாட்டியின் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

"மூக்கு, கண்ணுன்னு நினைக்காதீங்க. எது இருட்டு, எது வெளிச்சம், அது என்ன வடிவம். அதை மட்டும் பாத்து வரைங்க. கண்ணைச் சுருக்கிப் பாருங்க."

கண்ணைச் சுருக்கினேன். மாமாவும் சுருக்கினார். காலை முழுவதும் அந்த அறையில் எல்லோரும் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல இருந்தோம். முடிவில் படத்தை நேராகத் திருப்பினால் என் பாட்டி, நம்ப முடியவில்லை, பாட்டி மாதிரியே இருந்தார். மாமாவின் பாட்டி அவருடைய பழைய கிளை மேனேஜர் மாதிரி இருந்தாராம். "லோன் கேட்டா மூஞ்சிய இப்படித்தான் வச்சுப்பான்," என்றார்.

மறுநாள் சீக்கிரம் காயக்கூடிய வண்ணத்தில் சாம்பலும் பழுப்புமாக முழு முகத்தையும் போட்டோம். அதன் மேல்தான் எண்ணெய் வண்ணம் வரும். அடியில் போடும் அந்தச் சாம்பல் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. உயிர் இல்லாத முகம்.

"உயிர் மேலதான் வரும். ஆனா முகம் இதுதான்," என்றார் மிஸ்.

மதியங்கள் தி.நகரில் போயின. அங்கே அண்ணி வேறு ஆள். அடையாற்று மாடியில் முட்டி வலிக்கிறது என்று படி ஏறப் புலம்புகிறவர், கடைக்குள் கால் வைத்ததும் நிமிர்ந்துவிடுவார். ஒரு கடையில் சந்தன நிறத்தில் ஒரு பட்டு. முந்தானை முழுவதும் மெல்லிய ஜரிகைக் கொடி. எங்கள் ஊர் மணப்பெண் தர்ஷினி தன் வரவேற்புக்கு இப்படித்தான் கேட்டிருந்தாள். அண்ணி அதைக் கையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு தெலுங்குக் குடும்பம் தங்களுக்குள் ஏதோ பேசியது. எனக்குப் புரியவில்லை. அண்ணியின் அம்மா வழி தெலுங்கு, அவருக்குப் புரிந்தது. வெளியே வந்த பிறகு எனக்குச் சொன்னார். அந்த அம்மாள் மகளிடம், "பொறு, இந்தக் கிழவி கீழே வைத்ததும் நாம் எடுத்துக்கொள்ளலாம்," என்றாராம்.

அண்ணி கீழே வைக்கவில்லை. புடவையை மார்போடு அணைத்தபடி கடைக்காரரைப் பார்த்து, சுத்தத் தெலுங்கில், இதையே கட்டிவிடுங்கள் என்றார். அந்தக் குடும்பம் அடுத்த மாடிக்குப் போய்விட்டது. தையல் வேலைக்காக மட்டும் இரண்டொரு நாள் புடவை அங்கேயே இருந்தது. அந்த நாட்களில் அண்ணி அதைப் பற்றி, ஆஸ்பத்திரியில் விட்டுவந்த உறவுக்காரரைப் போலப் பேசினார்.

மயிலாப்பூரில் நான் எண்ணெய் வண்ணத்துக்கு வந்திருந்தேன். இங்கேதான் என் அனுபவம் என்னைக் கவிழ்த்தது. சாம்பல் முகத்தின் மேல் தோல் நிறம் குழைத்துப் பூசத் தொடங்கியதும் கை தன்பாட்டுக்கு ஓடியது. கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளம் மெல்ல நிறைந்தது. கன்னம் ஏறியது. உதட்டில் நான் ஒன்றுமே செய்யவில்லை, ஆனால் உதடு சிவந்திருந்தது. மாமா எட்டிப் பார்த்து, "உங்க பாட்டிக்குக் கல்யாணமா?" என்று கேட்டார்.

மிஸ் பின்னால் வந்து நின்றார். "ஆன்ட்டி, இவங்களுக்கு பவுண்டேஷன் போட்டுட்டீங்க."

"கொஞ்சமாத்தான்."

"நல்லாதான் இருக்காங்க. ஆனா இவங்க அவங்க இல்ல. அசலைப் பாருங்க. அந்த வரைஞ்சவரு எதையும் மறைக்கல. மறைக்கணும்னா அவருக்கும் தெரிஞ்சிருக்கும் இல்லையா?"

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை மணப்பெண்கள் என் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, எழுந்தபோது தங்களைத் தாங்களே பார்த்து அழுதிருக்கிறார்கள். ஒரு முகத்தை நல்லபடியாக வைப்பது குற்றமா? அடையாற்றுக்கு எடுத்துப்போய் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே சரிசெய்துவிடுகிறேன் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். ஈரமான கேன்வாஸை வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை.

அன்றைக்குப் பார்த்து அண்ணி தி.நகரில் அந்தச் சந்தனப் புடவையை வாங்கிக்கொண்டு, நேராக ஆட்டோவில் மயிலாப்பூர் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். நான் பாட்டியை முகம் உள்பக்கம் பார்க்க, முழங்காலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "முந்தானையப் பாரு, குச்சு எப்படிக் கட்டியிருக்கான்னு பாரு," என்று பெட்டியைத் திறந்து மடியில் விரித்தார்.

தோண்டிய சாலையின் மேல் போட்டிருந்த இரும்புத் தகடு ஒன்றில் ஆட்டோ ஏறி இறங்கியது. அவ்வளவுதான். நான் ஒரு பக்கம், கேன்வாஸ் ஒரு பக்கம். டச்சுப் பாட்டி அண்ணியின் மடியில் குப்புற விழுந்தார்.

எடுத்தபோது முந்தானையில் முகம் இருந்தது. கண், மூக்கு, சிவந்த உதடு எல்லாம், இடம் வலம் மாறி. இத்தனை நாளில் நான் வரைந்ததிலேயே அதுதான் தெளிவான முகம் என்று தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. ஆட்டோக்காரர்தான் திரும்பிப் பார்த்து, "அய்யய்யோ, யாருமா இது?" என்றார்.

மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். "தண்ணி வைக்காதீங்க. தேய்க்காதீங்க. மேல இருக்கிறத மட்டும் ஸ்பூன்ல மெதுவா வழிச்சிட்டு, நேரா டிரை கிளீனிங்," என்றார். ஆட்டோவைத் திருப்பி, மயிலாப்பூரிலேயே பட்டுக்குப் பெயர்போன ஒரு சலவைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். முயற்சி பண்ணுகிறேன், உத்தரவாதம் இல்லை என்றார்.

முகம் போய்விட்டது. ஆனால் முழுவதும் போகவில்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு மங்கலான நிழல். தெரிந்தவருக்குத் தெரியும். முந்தானையைக் கொசுவி மடித்தால் உள்ளே போய்விடும், மடிப்பு என் கையில் இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் கட்டிவிடுவேன் என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே கைப்பேசியை எடுத்து, வீடியோவில் தர்ஷினியைக் கூப்பிட்டு, நடந்தது அத்தனையும் சொன்னேன்.

தர்ஷினி முந்தானையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். சிரித்தாள். பிறகு சொன்னாள், "கோவமெல்லாம் இல்ல ஆன்ட்டி. ஆனா வேற எடுத்திருங்க. ரிசப்ஷன் முழுக்க யாரோ என் தோள்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும்."

அண்ணி தனியாகவே தி.நகருக்குப் போய் வேறொரு புடவை எடுத்தார். அதே மாதிரி இன்னொன்று கிடைக்கவில்லை. நல்லதாகத்தான் எடுத்தார், ஆனால் அதை யாரோடும் சண்டை போட்டு எடுக்கவில்லை, அதனால் அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அடையாற்றில் ஒரு டிபன் கடை. காலையில் இடம் கிடைக்காது, யார் எழுகிறார்களோ அவர் இடத்தில் உட்கார வேண்டும். எனக்கும் அண்ணிக்கும் நடுவில் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒருவர், பெருங்குடிப் பக்கம் வேலைக்குப் போகிறவர் போல, உட்கார்ந்திருந்தார். அண்ணி அவரிடம், "அந்தத் தேங்காய்ச் சட்னிய அவங்ககிட்ட தள்ளுங்க, அவங்களுக்குக் காரம் ஆகாது," என்றார். சட்னி வந்தது. நான் அவரிடம், "ரவா தோசை சூடா இருக்கும்போதே சாப்பிடச் சொல்லுங்க," என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா?"

"பிசினஸ் பார்ட்னர்," என்றார் அண்ணி.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தோம்.

கேன்வாஸை வகுப்புக்குத் திரும்ப எடுத்துப் போனபோது எனக்கு அழுகை வரும் போலிருந்தது. புடவை எடுத்துக்கொண்டது போக மீதி வண்ணம் திட்டுத்திட்டாக இருந்தது. கன்னத்தில் பாதி இல்லை. உதடு போயே போய்விட்டது. அடியில் போட்ட சாம்பல் முகம் பல இடத்தில் வெளியே தெரிந்தது. புதிதாக இன்னொன்று தொடங்குகிறேன் என்றேன்.

மிஸ் அதை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தார். மாமாவும் பிளாஸ்க்கோடு போய் நின்றார்.

"எதுக்குப் புதுசு?" என்றார் மிஸ். "இங்க பாருங்க ஆன்ட்டி. நீங்க போட்ட மேக்கப்பை எல்லாம் அந்தப் புடவை துடைச்சிடுச்சு. கண்ணுக்குக் கீழ இப்போ சரியா இருக்கு. இங்கிருந்து போங்க."

"டச்சுக்காரிக்கு மூஞ்சி அலம்பிவிட்டா மாதிரி இருக்கு," என்றார் மாமா.

அன்று முழுவதும் கையைக் கட்டிப்போட்டு வரைந்தேன். ஒரு தீற்று வைப்பேன், உடனே அசலைப் பார்ப்பேன், இருக்கிறதா, இல்லையா. இல்லாததை வைக்க விரல் துடிக்கும். இருப்பதை வைக்கத் தயங்கும். கீழ் இமையின் சிவப்பு ஓரத்தை வைத்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அந்தப் பாட்டி அழவில்லை. வயதில் கண் அப்படித்தான் ஆகும். நான் இத்தனை நாள் அதைச் சோகம் என்று நினைத்து அவரைச் சரிபண்ணப் பார்த்திருக்கிறேன்.

முடிந்தபோது என் பாட்டியும் அசலும் அக்கா தங்கை மாதிரி இருந்தார்கள். இரட்டையர் இல்லை. ஆனால் ஒரே வீடு என்று சொல்லலாம். மிஸ் தலையை ஆட்டினார். அவரிடமிருந்து அதுதான் அதிகபட்சம்.

கடைசி நாள் உயிருள்ள ஒரு முகத்தைப் பார்த்து வரைய வேண்டும். மாமா தன் மனைவியை அழைத்துவருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் வந்து, "மாமி வரமாட்டேங்கறா. நாலு பேர் பாத்துண்டு இருக்கச்சே பொம்மை மாதிரி உக்கார முடியாதுங்கறா," என்றார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அந்த நேரத்தில் அண்ணி படி ஏறி வந்தார். மதியம் பெட்டி கட்ட வேண்டும், என்னைச் சீக்கிரம் கிளப்ப வந்திருந்தார். உடுத்தியிருந்தது அந்தச் சந்தனப் பட்டு. நான் பார்ப்பதைப் பார்த்து, மிஸ் பக்கம் திரும்பி, "விக்கவும் முடியாது. நானே கட்டிக்க வேண்டியதுதான்," என்றார். அண்ணன் இறந்ததிலிருந்து அவர் பட்டு கட்டி நான் பார்க்கவில்லை. மிஸ் இரண்டு வார்த்தைதான் பேசினார், அண்ணி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் பேசாதவர், வந்த இடத்தில் டீச்சரிடம் முடியாது என்று சொல்ல மாட்டார்.

"பேசலாமா?" என்று மிஸ்ஸைக் கேட்டார்.

"பேசலாம். தலை மட்டும் ஆடக்கூடாது."

கண்ணைச் சுருக்கினேன். எது இருட்டு, எது வெளிச்சம். ஒரே கடையில் இத்தனை வருடம் பார்த்த முகம். ஆனால் இடது இமை வலதைவிடத் தாழ்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். வாயின் இரண்டு ஓரமும் கீழே இறங்கியிருந்தன. அது என் மேல் இருந்த கோபம் என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் வரைந்ததும் அது கோபம் இல்லை என்று தெரிந்தது.

"மேகலா," என்றார் அண்ணி, சுவரைப் பார்த்தபடியே. பேச்சை நிறுத்திய பிறகு முதல்முறையாக என் பெயர். "நான் சரக்கெடுக்க வர்றது இதுதான் கடைசி."

"புடவைக்கு நான் ஆயிரம் தடவை மன்னிப்பு..."

"புடவை இல்ல. வரும்போது விமானத்துலயே சொல்லணும்னு இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்தா வாய் வரல. இப்ப நீ பிரஷ்ஷப் பாக்குற, நான் சுவத்தப் பாக்குறேன். சொல்லிடலாம்." மூச்சு விட்டார். "கடையில நான் உக்கார்ற நாற்காலி உங்க அண்ணன் உயரத்துக்குச் செஞ்சது. எனக்குக் கால் தரையில படாது. ரெண்டு வருஷமா கால தொங்கப் போட்டுக்கிட்டே வியாபாரம் பண்றேன். வேற நாற்காலி வாங்கலாம். வாங்கினா இன்னும் பத்து வருஷம் உக்காரணுமேன்னு வாங்கல."

என் கை நின்றுவிட்டது. எனக்கு முதலில் வந்தது பயம். கீழே புடவை எடுக்க வருகிறவர்கள்தான் மாடிக்கு வருகிறார்கள். கீழே மூடினால் மேலே என்ன ஆகும்? இன்னும் ஒரு வருடம் பாருங்கள் அண்ணி, இந்தத் தீபாவளி போகட்டும் என்று வாய்வரை வந்தது. மாமா தன் கேன்வாஸுக்குப் பின்னால் நன்றாக மறைந்துகொண்டு, எதுவும் காதில் விழாதவர் போல வரைந்துகொண்டிருந்தார்.

ஆனால் என் முன்னால் அந்த இமை இருந்தது. அதை நானே இப்போதுதான் வைத்திருந்தேன், ஈரம்கூடக் காயவில்லை. வரையாமல் இருந்திருந்தால் கெஞ்சியிருப்பேன்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க அண்ணி," என்றேன். "இன்னும் வாய் பாக்கி."

வாயை வரைந்தேன். ஓரங்கள் எங்கே இறங்கியிருந்தனவோ அங்கேயே விட்டேன்.

முடிந்ததும் அண்ணி எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டு, என் பக்கம் வந்து நின்றார். மாமா பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினார், அண்ணி வாங்கிக்கொண்டார், ஆனால் குடிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். கடைக்கு வரும் புடவையில் பழுது தேடும் பார்வை.

"நீ எனக்கு ஒண்ணுமே போட்டுவிடல," என்றார்.

"இல்ல அண்ணி."

"இந்த அம்மா என் கடைக்கு வேலை கேட்டு வந்தா, நான் வேலை குடுக்க மாட்டேன். வீட்டுக்குப் போயி தூங்குமான்னு அனுப்பிருவேன்."

"அனுப்பிருங்க," என்றேன்.

அண்ணி காபியைக் குடித்தார். நல்லா இருக்கு, டிகாக்‌ஷன் எந்தக் கடைப் பொடி என்று மாமாவைக் கேட்டார். மாமா ஒரு பெரிய விளக்கத்தைத் தொடங்கினார். நான் பிரஷ்களைக் கழுவப் போனேன். டர்பென்டைன் வாடையில் கண் எரிகிறது என்று மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் நம்பினார் அல்லது நம்பியது போல இருந்தார்.

இரண்டு படங்களையும் காயும் வரை மிஸ்ஸிடமே விட்டுவிட்டோம். ஆட்டோவில் எடுத்து வருவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. விமான நிலையம் போகும் வழியில் மீதியைப் பேசி முடித்தோம். மாடியைக் காலி செய்துவிட்டு நான் கீழே வந்துவிடுவது. பெண்களே அவரவர் புடவையைக் கொண்டுவரட்டும், கட்டிவிடுவது என் வேலை. அண்ணி வாரத்தில் ஒருநாள் வந்து குறை சொல்லிவிட்டுப் போவார், அதை மட்டும் அவரால் விட முடியாதாம்.

விமானம் ஓடுபாதைக்குப் போவதற்கு முன்பே அண்ணி தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சாப்பாடு வந்தபோது பணிப்பெண் எழுப்பட்டுமா என்று கையால் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவருடைய சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன்.